செவலைக்குப் போட்ட தயிர்சாதம்

நவம்பர் 4, செவ்வாய்

மூன்று நாள் மழை விட்டது. வெயில் அடித்த வேகத்தில் பந்தல் முழுக்கப் பழம் வெடிப்பு. சின்னமனூர் வியாபாரி வந்து இரண்டு குலையைத் திருப்பிப் பார்த்தார். "இத எவன் வாங்குவான்க்கா." போய்விட்டார். நேற்றுவரை பன்னீர் திராட்சை, இன்று குப்பை.

வேலை: வெடித்ததைக் கழிக்க. மோட்டார் ஆளுக்குப் போன். தயிருக்கு உறை.

அறுப்பு தொடங்கினால் முதல் தட்டு காவல் நாய்க்கு. இந்த வீட்டு வழக்கம். மற்ற வருசம் நாலைந்து பழம், பேருக்கு. இந்த வருசம் தாராளம். தயிர்சாதத்தில் இரண்டு கை நிறையப் பழம் போட்டுப் பிசைந்து செவலைக்கு வைத்தேன். வௌவாலையும் பன்றியையும் விரட்டிய நாய், தின்னட்டும். தட்டை நக்கி நக்கி வேப்பமரம்வரை தள்ளிக்கொண்டே போனது. சாயங்காலம் இன்னொரு தட்டு.

நவம்பர் 5, புதன்

மூட்டம். விடிகாலையில் செவலை இரண்டு தடவை வாந்தி. தோலும் விதையுமாக.

"மழையில கண்டதத் தின்னுருக்கும்," என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். மோர் ஊற்றி வைத்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று சோற்றுக்குப் பறந்த கழுதை.

மோட்டார் ஆள் வரவில்லை. முதுகு வலி.

நவம்பர் 6, வியாழன்

செவலை எழுந்திருக்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை.

இவர் நேரே வேலிக்குப் போய்விட்டார். பக்கத்துத் தோட்டம் பாண்டி, இவருக்குச் சித்தப்பா மகன். போன மாதம் அவர் கோழியைச் செவலை பிடித்தது. அந்தக் கோபம் என்று இவராக முடிவு கட்டிக்கொண்டார்.

"ஏலே பாண்டி, வாயில்லாச் சீவனுக்கு எலி மருந்து வச்சுட்டியேலே."

"பிள்ளைக மேல சத்தியமா இல்லண்ணே."

"சத்தியம் பண்ணாத. நீயெல்லாம் மனுசனா."

மாட்டாஸ்பத்திரி. இவர் வண்டியை நிழலில் விடப் போயிருந்தார். என்ன தின்றது என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"திராட்சை நாய்க்கு ஆகாதும்மா. கிட்னி போயிரும். சில நாய்க்கு ஒண்ணும் பண்ணாது, சிலதுக்குக் கொஞ்சமே போதும். எதுக்கு என்ன ஆகும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது."

"முந்தியும் போட்டுருக்கேனே."

"முந்தி தப்பிச்சிருக்கு."

சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டது:
திராட்சை, உலர்திராட்சை: நாய்க்குக் கூடவே கூடாது.
வெங்காயம், பூண்டு: நாய், பூனை இரண்டுக்கும். பூனைக்கு இன்னும் மோசம். வேகவைத்தாலும் அதே.
சாக்லேட்.

வெங்காயம் போடாத குழம்பு நம் வீட்டில் எது? ஆறு வருசமாக அதைத்தானே ஊற்றினேன்.

டிரிப்ஸ் ஏற்றிவிட்டு டாக்டரம்மா ஒரு மாட்டுப் பிரசவத்துக்குக் கிளம்பிவிட்டார். இவர் வந்தார். "என்ன சொன்னாக?"

"கிட்னின்னு சொன்னாக."

"மருந்துதான். நான் சொல்லல?"

நான் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

மறுபடி டிரிப்ஸ். இவர் வரமாட்டேன் என்றார், பார்க்க முடியவில்லையாம். ஆட்டோவில் நான் மட்டும். ரத்தச் சோதனை மோசம். டாக்டரம்மா என் தோளைத் தொட்டார். அதிலேயே தெரிந்துவிட்டது.

திரும்பும்போது செவலையின் தலை என் மடியில். வாயில் ஒரு மாதிரி நாற்றம். என் கையை நக்கியது. சோறு பிசைந்த கை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார், "எலி மருந்தாமேக்கா?" அதற்குள் ஊரெல்லாம்.

நவம்பர் 8, சனி

காலை பத்து மணிக்குப் போய்விட்டது. காதை மட்டும் ஒரு தடவை ஆட்டியது.

பந்தலுக்கு வெளியே குழி. பாண்டி மண்வெட்டியோடு வந்து நின்றார். இவர் நிமிராமலே சொன்னார்: "வந்த வழியே போயிரு." பாண்டி என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். போய்விட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

தூறல். இவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வீரபாண்டித் திருவிழாவிலிருந்து சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்த குட்டி. பால் பாட்டிலுக்கு அலைந்த மனுசன். அவரிடம் என் கையால் கொன்றேன் என்று எப்படிச் சொல்ல?

குழாயடியில் ஒருத்தி: "நாய்க்கு வச்சவன் நாளைக்கு மனுசனுக்கு வைக்கமாட்டானா?" பாண்டி பெண்டாட்டி குடத்தை அரைக்குடமாகவே தூக்கிக்கொண்டு போனாள். நான் அங்கேதான் நின்றேன். வாய் இருக்கிறது, திறக்கவில்லை. கேவலமான பிறவி நான்.

பால் திரிந்துவிட்டது. தூக்கமில்லை.

நவம்பர் 10, திங்கள்

வெயில். காப்பி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். முழுசாக.

டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். "ரெண்டு தட்டா?"

"ரெண்டு தட்டு."

"வியாழக்கெழமையே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

அடித்திருந்தால்கூடத் தேவலை. துண்டைத் தோளில் போட்டார். "நட. அவன்கிட்டச் சொல்லணும்."

பாண்டி முற்றத்தில் வெடித்த பழம் கழித்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி எங்களை வா என்று கேட்கவில்லை. நின்றபடியே சொன்னேன்: மருந்து இல்லை, திராட்சை, நான்தான் போட்டேன், தெரிந்தும் உங்கள் மேல் பழி விழ விட்டேன். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

பாண்டி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே அவர்கள் வீட்டுக் கறுப்பு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் காலித் தட்டு, ஓரத்தில் நாலைந்து திராட்சைத் தோல்.

"சனிக்கெழமையிலேருந்து நானும் போடுறேன் மதினி. வீணாப் போகுதேன்னு."

அவர் பெண்டாட்டி மெதுவாகச் சொன்னாள். "காலையில கக்குச்சு. சூடுன்னு நெனச்சேன்."

வியாழக்கிழமையே நான் சொல்லியிருந்தால் அந்தத் தட்டில் ஒரு பழம் விழுந்திருக்காது.

இவர்தான் முதலில் அசைந்தார். "ஏலே பாண்டி, தூக்கு. நான் வண்டிய எடுக்கேன்." நாயைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். நாய் தலை பாண்டி தோளில்.

பாண்டி பெண்டாட்டி திட்டுவாள் என்று நின்றேன். "உக்காருங்கக்கா," என்றாள். உட்காரவில்லை. கழித்த பழத்தையெல்லாம் அள்ளிக் குழியில் கொட்டி மூடினேன். அவளும் மண் தள்ளினாள்.

மணி ஆறாகிறது. இன்னும் போன் வரவில்லை.