புள்ளிகளுக்குள் ஒரு எண்

2007 ஏப்ரல் 2, திங்கள்

பிளஸ் டூ பரீட்சை முடிந்து ஒன்பது நாள். இன்றும் வேலம்பாளையம் முழுக்க நடந்தேன். பனியன் கம்பெனி ஒவ்வொன்றின் வாசலிலும் 'ஆட்கள் தேவை' அட்டை தொங்குகிறது. "லீவுக்கு ரெண்டு மாசம் மட்டும்" என்று சொன்னதும் நான் யாருக்கும் தேவையில்லாமல் போகிறேன்.

ஒரு இடத்தில் வயது கேட்டார்கள். உசிலம்பட்டியிலிருந்து இங்கே குடிவந்த சமயத்தில் ஒன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவள் நான். அதனால் பதினெட்டு முடிந்துவிட்டது. அப்படியும் வேலை இல்லை.

ஏப்ரல் 4

பெருமாநல்லூர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். "தைக்கத் தெரியுமாங்க?" "தெரியாதுங்க." திரும்பி வர முக்கால் மணி நேரம்.

ஏப்ரல் 6, வெள்ளி

அப்பா வேலை செய்யும் சாயப்பட்டறையில், நிறம் சரிபார்க்கிற லேபுக்கு ஒரு பெண் வேண்டுமாம். அம்மா தன் கம்பெனியில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். பதிமூன்று வருடமாக அங்கே நான்காம் மெஷினில் துணிக்குச் சாயம் ஏற்றுகிற அப்பா இதைச் சொல்லவே இல்லை.

"அங்கிட்டு மட்டும் வேணாம் ஆத்தா" என்றார். ஏன் என்றால் நாற்றம், நெஞ்சு எரியும் என்கிறார்.

"லேபுல ஏசி போட்டிருக்காம். இங்கிட்டு வீட்டுக்குள்ள வேகுறதுக்கு அங்கிட்டுப் போயி நிக்கட்டும். உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அம்மா.

அப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் அங்கே வேலை பார்த்தால் அவருக்கு வெட்கமா? தெரியவில்லை.

ஏப்ரல் 9, திங்கள்

போனேன். கிடைத்தது. இன்னும் நம்ப முடியவில்லை. எப்படிக் கிடைத்தது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

லேப் பொறுப்பு சித்ராதேவி அக்கா. முப்பது வயது இருக்கும், இந்த ஊர்க்காரர். மார்க் எதுவும் கேட்கவில்லை. ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்கப் பல நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். "உள்ள என்ன நம்பர் இருக்குதுன்னு சொல்லு கண்ணு." புள்ளிகளுக்கு நடுவே வேறு நிறப் புள்ளிகள் சேர்ந்து எண்ணாக நின்றன. எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு நான்கு நீளப் பெட்டிகள். பொத்தான் மாதிரி எண்பத்தைந்து வில்லைகள். கலைத்துப் போட்டு, நிற வரிசையாக அடுக்கச் சொன்னார். பச்சையிலிருந்து நீலத்துக்குப் போகிற பெட்டியில் என் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே இத்தனை நிறமா? ஒன்றுக்குக்கூடப் பெயர் தெரியவில்லை. இத்தனை நாள் கண்ணை வைத்துக்கொண்டு என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்?

அக்கா வில்லைகளைத் திருப்பி அடியிலிருந்த எண்களைச் சரிபார்த்தார். கடைசிவரை வந்தவர் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"ஒண்ணுகூட மாறல. எனக்கே ரெண்டு மாறுச்சு. நாளானைக்கு வந்துரு கண்ணு."

வீட்டில் சொன்னபோது அப்பா முதலில் கேட்டது: "அந்தப் புள்ளிப் பொஸ்தகத்தக் காட்டுனாங்களா?"

ஏப்ரல் 11

லைட் பாக்ஸ்! ஒரு திறந்த பெட்டி, மேலே மூன்று நான்கு விதமான விளக்கு. உள்ளே இரண்டு துண்டுத் துணி. பகல் வெளிச்ச விளக்கில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். அக்கா அடுத்த பட்டனைத் தட்டியதும் ஒன்று அப்படியே இருந்தது, மற்றது சிவப்படித்தது. என் கண் முன்னால், யாரும் தொடாமல். மறுபடி தட்டினால் மறுபடி ஒன்றாகிவிட்டன. பத்துத் தடவையாவது தட்டியிருப்பேன்.

"அப்ப இதோட நெசமான கலர் எதுங்கக்கா?"

"அதெல்லாம் தெரியாது கண்ணு. வெளிநாட்டுல கடைக்காரன் என்ன லைட்டு போட்டிருக்கானோ, அதுலயும் நமக்குப் பாஸாகோணும்."

ஏப்ரல் 12

பஸ்ஸில் ஒரு அம்மாளின் சேலையையே பார்த்துக்கொண்டு வந்து என் ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

முதல் முறையாக மெஷின் ஹாலுக்குள் போனேன். லாரி டேங்கர் அளவுக்கு எவர்சில்வர் மெஷின்கள், வரிசையாக எட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் கொதிக்கிற சாயத் தண்ணீரில் துணி கயிறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தம் கால் வழியாக ஏறுகிறது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மெஷின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தார். குழாயைத் திறந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தார். முகர்ந்தார். காதைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகுதான் உப்புத் தண்ணீர் வால்வைத் திறந்தார். மற்ற மெஷின்காரர்கள் கண்ணாடி வழியாகத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் ஆணி அடிக்கக்கூடச் சோம்பல்படுகிற மனிதர் இவர்தானா?

மே 4, வெள்ளி

துணி வாங்குகிற வெளிநாட்டு பையரிடமிருந்து கடிதம். லேப் ஆட்கள் மட்டுமல்ல, மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் கண் டெஸ்ட் எடுத்து அனுப்ப வேண்டுமாம். புத்தகத்தைக் காட்டி எழுதுகிற வேலை எனக்கு. "அப்பா, புதன்கிழமை நீங்க என் முன்னாடி உக்காரணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மே 6, ஞாயிறு

காலையில் கறி வாங்கக் கூட வா என்றார் அப்பா. ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபடி, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்த நம்பரு எனக்குத் தெரியாது ஆத்தா. செவப்பும் பச்சையும் எனக்கு ஒன்னுதான்."

எனக்கு விளங்க நேரமானது. ரயில் போய், கேட் திறந்து, வண்டிகள் எல்லாம் போன பிறகும் நின்றுகொண்டிருந்தோம்.

பத்தொன்பது வயதில் மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போயிருக்கிறார். ஓட்டத்தில் முதலாவது. கடைசியில் அந்தப் புள்ளிப் புத்தகம். ஒன்றும் தெரியாமல் வாய்க்கு வந்த எண்களைச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சிரித்தாராம். ஊருக்குத் திரும்பி, நெஞ்சளவு பத்தவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இன்றுவரை அதுதான் தெரியும்.

"பெறகு எப்படிப்பா சாயப்பட்டறைல?"

"வேற வேலை கெடைக்கல. டப்பாவுல பேரு எழுதியிருக்கும். அது போக சூடு, வாசம், வழுவழுப்பு இருக்குல்ல. சாயம் துணியில ஏறிட்டா தண்ணி லேசாயிரும். கைக்குத் தெரியும்."

பதிமூன்று வருடம். நிறத்தையே தொழிலாகக் கொண்ட இடத்தில், நிறம் தெரியாமல். ஒரு ஆளுக்குக்கூடச் சந்தேகம் வராமல். எனக்குக் கோபம் வர வேண்டுமா, அழ வேண்டுமா? இரண்டும் வரவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 8

புத்தகத்தின் பக்க வரிசை எனக்கு மனப்பாடம். எண்களை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். தப்புதான். தப்புன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். வேல போயிட்டா என்ன பண்றது? அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் கேட்டதும் பத்துப் பக்கத்துக்கு மேல் தடங்கலில்லாமல் சொன்னார்.

மே 9, புதன்

எனக்கு எதிரே அப்பா. ஓரத்தில் சித்ராதேவி அக்கா. மேனேஜர் மணியன் சாரும் நின்றிருந்தார்.

முதல் பக்கம். "பன்னெண்டு." அது எல்லோருக்குமே தெரிகிற பக்கம்.

இரண்டாவது பக்கம். அதில் எட்டு. தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பா புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு இது மூணுன்னு தெரியுதுங்க. மத்தவங்களுக்கு வேற தெரியும்னு நெனைக்கிறேன்."

அடுத்தது. "இதுல ஒன்னும் தெரியலைங்க." அதற்கடுத்தது. "தெரியலைங்க." குரல் கொஞ்சமும் தாழவில்லை. அவர் சொன்னதை எல்லாம் சொன்னபடியே எழுதினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டேன்.

மணியன் சார், "ஏனுங்க காசிமாயன், இத்தன வருசமா எப்படீங்க?" என்றார். திட்டவில்லை. ஆனால் நாளையிலிருந்து குடோனுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வரும்போது ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு அந்த டாக்டர் முன்னாடி தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். உன் முன்னாடி அப்படி உக்கார முடியல."

அம்மாவிடம் அவரே சொன்னார். அவள் உலை வைக்கப் போனாள்.

மே 12

அப்பா குடோனில் துணி ரோல் உருட்டுகிறார். நான் லேபில் ஏசியில்.

மே 14, திங்கள்

ரிசல்ட். 1043. அப்பா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அரசு மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க வேண்டும். வேதியியல்தான். சாயம் எதனால் துணியைப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டும்.

மே 21

நான்காம் மெஷினில் பத்து நாளில் மூன்று லோடு துணியின் ஷேடு மாறிவிட்டது; கேட்ட நிறம் வரவில்லை. அக்கா மூன்று வருட ரிஜிஸ்டரை எடுத்து என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். திரும்பச் சாயம் போட்ட லோடுகள் ஒவ்வொரு மெஷினுக்கும் மாதம் நாலைந்து. நான்காம் மெஷினுக்கு நேரே பல மாதம் வெறும் கோடு. அக்கா விரலை எடுக்கவே இல்லை.

"இது ஆளா, என்ன கண்ணு" என்றார்.

ரிஜிஸ்டரோடு மணியன் சாரிடம் போனார். "கலர் பாக்கறது நாமங்க. மெஷின் ஓட்டறதுதான் அவரு. லெட்டர்ல டெஸ்ட் எடுத்து அனுப்பத்தானுங்க சொல்லியிருக்குது, மெஷினை விட்டு எடுக்கச் சொல்லலீங்க." பையருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார் அவர்.

மே 30

பதில் வந்துவிட்டது. அப்பா நான்காம் மெஷினில். துணியில் ஒரு துண்டு வெட்டி நிறம் பார்க்க மட்டும் லேபிலிருந்து ஆள் போக வேண்டும். இன்று நான் போனேன். "ஏறிருச்சு, வெட்டிக்க ஆத்தா" என்றார். லைட் பாக்ஸில் வைத்தேன். மூன்று விளக்கிலும் நிறம் அசையவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

நாளை கல்லூரி. சுடிதார் எடுக்க மூவரும் டவுனுக்குப் போனோம். கடைக்காரர் முன்னால் அப்பா துணியைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன கலரு ஆத்தா?" என்று சத்தமாகவே கேட்டார். ஒவ்வொன்றுக்கும் கேட்டார்.

பஸ் ஸ்டாப்பில் அம்மா திடீரென்று, "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் கட்டியிருந்தது என்ன சேலை?" என்றாள்.

"பச்சைச் சேலை" என்றார் அப்பா உடனே.

"அரக்கு."

அப்பா விழித்தார்.

"அன்னைக்குப் பச்சை கட்டியிருந்தது என் சித்தி மக. கல்யாணமான புதுசுல நீங்க 'அந்தப் பச்சைச் சேலையில நல்லாருந்த'ன்னு சொன்னீங்க. அவளத்தான் பாத்து வச்சிருந்தீங்க, எடுத்துச் சொல்ல மாட்டாம என்னையக் கட்டிக்கிட்டீங்கன்னு இருபது வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"அடிப்பாவி. நீதான தண்ணி கொண்டாந்த. செம்பு கை நழுவி என் வேட்டியெல்லாம் நனைஞ்சுச்சே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் வந்தது. பெண்கள் பக்கம் இடம் காலியாக இருந்தும் அம்மா போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.