அம்மாவின் முழங்காலும் சாய்வு சைக்கிளும்

1984 ஜூன் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கோழிக்கொட்டகையில் சாக்குப் படுதா இரண்டு கிழிந்தது. முட்டை பொறுக்கி வைத்துவிட்டு அம்மா, அப்பாவுடன் சேலம்.

எலும்பு டாக்டர் அம்மாவின் வலது முழங்காலை அளந்தார். மோட்டார் கொட்டகைப் படியில் விழுந்து உடைந்த கால். எலும்பு கூடிவிட்டது, மடங்கத்தான் இல்லை. நின்ற இடத்திலேயே மிதிக்கிற, ஓடாத சைக்கிள் ஒன்று வீட்டில் வைத்து தினமும் மிதிக்கணுமாம். முழுச் சுற்று வராவிட்டாலும் முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஐந்து வாரம் கெடு. அதற்குள் தொண்ணூறு டிகிரி வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து அவரே மடக்குவாராம். எலும்பு சேர்த்துக் கட்டின போன தடவை, மயக்கம் தெளிந்ததும் அம்மா என்னைப் பார்த்து, யார் நீ என்று கேட்டாள்.

கடைவீதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. நிமிர்ந்து உட்காரும் சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. அம்மாவால் ஏற முடியாது, என்னை ஏறச் சொன்னார்கள். தாவணியோடு.

கடைக்காரர்: "கூச்சப்படாம மிதி பாப்பா, எங்கயும் ஓடிராது."

நாலு பேர் சிரித்தார்கள். இறங்கும்போது பாவாடை பெடலில் மாட்டியது. செத்துப்போகலாம் போலிருந்தது.

சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வகையும் உண்டு. படம் மட்டும் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கணும். விலையைக் கேட்டதும் அப்பா, "வாரோமுங்க" என்று நடையைக் கட்டினார்.

ஜூன் 5, செவ்வாய்

எது என்று முடிவாகவில்லை.

நிமிர்ந்தது: இடம் அடைக்காது. உடனே கிடைக்கும். ஆனால் விலை, கொட்டகைக்கு ஓடு மாற்ற வைத்திருக்கும் பணம் முழுக்கப் போகும். ஏற ஒரு ஆள் தூக்கிவிடணும். சேலை. இரண்டு கையும் பிடியில்.

சாய்ந்தது: விழ பயமில்லை. சேலை விலகாது. கை சும்மா இருக்கும். கிடைக்காது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கை சும்மா இருக்கும் என்றதும் நிமிர்ந்தாள்.

"அப்ப கடலக்காய் உரிக்கலாமே. வெறுங்காலை ஆட்டிட்டு உக்காந்திருந்தா பாக்கறவீங்க என்ன நெனைப்பாங்க?"

அப்பா: "உன்ற தம்பி லாரியே கட்டறான். இதைக் கட்ட மாட்டானா?"

மாமாவுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. கடையில் பார்த்த படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தேன். ஒன்பதாவதோடு நின்ற பிறகு இன்றுதான் ஸ்கேலைத் தேடினேன்.

ஜூன் 11, திங்கள்

மாமா டெம்போவில் கொண்டுவந்தார். இரும்புச் சட்டம், பழைய சைக்கிள் பெடல், செயின், ஏதோ லாரியின் டிரைவர் சீட்டு. பச்சைப் பெயிண்ட். பக்கத்தில் தாமரை. பின்னால் சிவப்பு எழுத்தில் "ஒலி எழுப்பவும்".

"யாரு மாப்ள ஒலி எழுப்பறது?"

"பெயிண்டருக்குக் கை பழகிப்போச்சுங்க மச்சான். நான் பாக்கறதுக்குள்ள எழுதிப்போட்டான்."

அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

சூடம் காட்டியாச்சு. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றலாமென்றால், தரையில் படுகிற சக்கரமே இல்லை. அப்பாவும் மாமாவும் வண்டியைத் தூக்கிப் பழத்தின் மேல் இறக்கி நசுக்கினார்கள். கூலி வேண்டாம் என்றுவிட்டார் மாமா.

"எட்டுதாக்கா?"

"எட்டுது சாமி. நல்லாருக்குது."

ஜூன் 18, திங்கள்

ஒரு வாரமாக மிதிக்கிறாள், மடியில் முறத்தோடு. கடலை தீர்ந்தது, கால் அப்படியே.

இன்று தரையில் உட்கார்ந்து கவனித்தேன். பாதம் பெடலில் படவே இல்லை, விரல்நுனியால் தள்ளுகிறாள். முழங்கால் நீட்டினபடியே போய் வருகிறது. லாரிக்கு வைக்கிற மாதிரியே, மாமா ஆறடி டிரைவர் காலுக்கு சீட்டை வைத்து வெல்டிங் பண்ணியிருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். "தெரியும். காசு வாங்காம செஞ்சு குடுத்தவனை நொட்டை சொல்லுவாங்களா? நீயும் வாயைத் திறக்காத."

இன்னும் மூன்றே வாரம்.

ஜூன் 20, புதன்

மாமா இந்தப் பக்கம் வந்தவர் மோர் குடிக்க வந்தார். மோர் கொடுத்தேன், பேச்சு வரவில்லை. புல்லட்டைக் கிளப்பிவிட்டார். ஓடினேன்.

"மாமா, சீட்டு ஆறு விரக்கடை முன்னால வரணுமுங்க. அம்மாவுக்கு எட்டலீங்க."

வண்டியை அணைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அட, இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருது! ஏனக்கா, எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அம்மா என்னை முறைத்தாள்.

சாயங்காலம் ஆளோடு வந்து சீட்டை வெட்டி எடுத்து, சட்டத்தில் வரிசையாக ஓட்டை போட்டு போல்ட்டு மாட்டினார். "மடங்க மடங்க ஒவ்வொரு ஓட்டையா முன்னால தள்ளு கண்ணு. பொறுப்பு உன்னுது."



ஜூன் 29, வெள்ளி

மூன்றாவது ஓட்டை. அம்மா அழுதுகொண்டே திட்டினாள். என்னை, மாமாவை, டாக்டரை. வெந்நீர் ஒத்தடம். தீவன மூட்டை வரவில்லை.

ஜூலை 6, வெள்ளி

ஐந்தாவது ஓட்டை. பெடல் முழுச் சுற்று! ஒன்று. அப்புறம் நாலு. அம்மா மூச்சு விடாமல், "எண்ணுடி, எண்ணு" என்றாள்.

ஜூலை 9, திங்கள்

சேலம். டாக்டர் அளவுகோலை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். நூறைத் தாண்டிவிட்டது. மயக்க மருந்து வேண்டாம். அப்பா வெளியே வந்து மூன்று சோடா வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ராசிபுரத்தில் தக்காளிக் கூடையோடு ஏறின ஒருத்தி, அம்மாவிடம்: "ஏனுங்க, காலைக் கொஞ்சம் மடக்குங்க. கூடையை வெச்சுக்கறேன்."

முடியாதவங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா மடக்கிவிட்டாள்.