ஒரு ராத்திரிக்கு இத்தனை மூட்டையா

கிரிம்ஸ்பி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கேரத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, ஷெல்பி மூவரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர, அது என்றைக்குச் சுகமாக இருந்தது. கனடாக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே நல்ல ஹேடக் மீன் கிடைப்பதில்லை என்று நீ புலம்பியதைச் சொன்னேன், "அப்ப அவன எவன் அங்க போகச் சொன்னான்" என்கிறார் அப்பா. அவர் பேச்சை விடு.

ஷெல்பியை நீ இன்னும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயது. சட்டப்படி அவளுக்குப் பெற்றோர் இடத்தில் இருப்பது நகரக் கவுன்சில், அவர்கள் ஒப்படைத்ததால் சமைத்துப்போட்டு வளர்ப்பது நாங்கள். நம்மிடம் வருமுன் எத்தனையோ வீடு மாறியிருக்கிறாள். போன வாரம் அவளுடைய வகுப்புத் தோழி எல்சி, பிறந்தநாளுக்கு வந்து இரவு தங்கிப் போகும்படி கூப்பிட்டிருக்கிறாள். இந்தப் பெண்ணை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இவள் என்ன செய்தாள் தெரியுமா, பள்ளி வாசலில் எல்சியின் அம்மாவிடம் நேரே போய், "மிசஸ் டிரூரி, உங்கள போலீஸ் விசாரிச்சு முடிச்சாச்சா? இல்லன்னா நான் உங்க வீட்ல தூங்கக்கூடாது" என்று பணிவாகக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்ட என்னன்னு நெனச்சே" என்று சொல்லி, வரவேண்டாம் என்றுவிட்டாள். அது பழைய வீடுகளில் இவளுக்குச் சொல்லிவைத்த விதி. இப்போது இதையெல்லாம் நானே முடிவு செய்யலாம் என்று படித்துப் படித்துச் சொல்லியும் அவள் மண்டையில் ஏறவில்லை.

வானிலை சொல்வது போல எங்களிடம் இதைச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். இரவு சாப்பிடவில்லை. மறுநாள் நானே டிரூரி வீட்டுக்குப் போனேன். அது அவமதிப்பு இல்லை, அவளைப் பொறுத்தவரை உள்ளே நுழையுமுன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, முடி வெட்டிக்கொள்ளக்கூட யாரோ ஒரு அதிகாரி சரி சொல்லும்வரை காத்திருந்த பிள்ளை அது என்றேன். அதைக் கேட்டு அந்த அம்மா சிரித்துவிட்டாள். "எங்க மாமியார் வர்றப்ப போலீஸ்ல விசாரிக்கச் சொல்ல எனக்குத் தோணாம போச்சே, அனுப்பி வைங்க" என்றாள்.

நேற்று சாயங்காலம் ஷெல்பி கீழே இறங்கி வந்தாள், குளிர்கோட்டு, பள்ளிச் சப்பாத்து, சுவரிலிருந்து உரித்துச் சுருட்டிய படம் உட்பட எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு. படுக்கை விரிப்பைக்கூட உருவி மடித்து வைத்திருந்தாள். "என்ன புள்ள, ஒரு ராத்திரிக்கு இத்தனை மூட்டையா, எல்சி வீட்ட வெலைக்கு வாங்கிட்டியா" என்றார் அப்பா. அவள் சிரிக்கவில்லை. "ஒரு ராத்திரின்னுதான் எப்பவும் சொல்லுவாங்க" என்றாள்.

நான் கோட்டை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன், மாடிக்குப் போய் விரிப்பை மறுபடி விரித்தேன், அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இரவு உடையும் பல் தூரிகையும் போதும் என்றேன். சரி என்றாள். கிளம்பும்போது சப்பாத்தை மட்டும் எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள், நான் தடுக்கவில்லை. இன்று காலை அப்பா போய்க் கூட்டி வந்தார். வந்ததும் வராததுமாக மாடிக்கு ஓடினாள், அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இறங்கி வந்து, எல்சி வீட்டு நாய் குறட்டை விடுகிறது என்று சொல்லி நாலு துண்டு ரொட்டி தின்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், காது மூடாமல் வெளியே போகாதே, கர்த்தர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நீ வருவதில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, காட்டிக்கொள்ள மாட்டார். ஒன்றை மட்டும் மறக்காதே. ஷெல்பி இருப்பது உன் பழைய அறையில். நீ கீழே சோபாவில்தான் படுக்க வேண்டும். வேடிக்கைக்குக்கூட அதை "என் அறை" என்று அவள் காதுபடச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு உன் அம்மா,
மோரீன்