கீறல் தெரியும் கண்ணாடி

மார்ச் 2

பழைய பாலத்தில் பாதி ஆற்றோடு போன வருஷம். பூட்டு ஆலையை இழுத்து மூடிய வருஷமும் அதுதான். வேலை போய் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்த என்னை உட்கார வைத்து, என் மனைவி ‘அ’ போடக் கற்றுக்கொடுத்ததும் அதே வருஷம். அதுவரை மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். அப்போது நாற்பத்தொன்பது. இப்போது எழுபத்திரண்டு. இன்றும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், கொட்டை எழுத்தில்தான் எழுதுவேன். ஆனால் காதில் ஒரு தடவை விழுந்தது போகாது.

இன்று மருந்துக்கடைக்காரரின் அலமாரிக்குச் சாவி போடப் போய் மூன்று முறை தவறிவிட்டேன். வெட்டாத சாவியை மெழுகுவத்திப் புகையில் கருக்கி, பூட்டில் விட்டுத் திருகி எடுத்தால், உள்ளே இடிக்கும் இடத்தில் கரி உரசிக் கீறல் விழும். அங்கே அரம் போட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. கீறல் தெரிய வேண்டுமே! எனக்குக் கரிதான் தெரிந்தது.

ஆலையில் எனக்குப் பெயர் கழுகு. தலைமுடி கனத்தில் கீறல் இருந்தாலும் கை நீட்டிய தூரத்திலிருந்தே காட்டிவிடுவேன் என்று வைத்த பெயர்.

மார்ச் 3

“சட்டையோட சேர்த்து டாக்டர் சீட்டையும் துவைச்சிட்டீங்களாப்பா?” என்றாள் மகள். கண்ணில் நோய் ஒன்றும் இல்லை, வயசுதான், கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி போதும் என்றார் டாக்டர். எந்த எண் என்று அந்தச் சீட்டில்தான் இருந்தது.

“மறுபடி போய்க் கேட்டுட்டு வாங்க.”

“எதுக்கு? பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒருத்தர் பலகை நிறையக் கண்ணாடி மாட்டி வச்சிருக்கார். அதுல ஒண்ணு எனக்குப் பொருந்தாதா?”

மார்ச் 4

கண்ணாடிக்காரர் ஓர் அட்டை வைத்திருக்கிறார். மேலே பெரிய எழுத்து; கீழே போகப் போக எறும்பு. எனக்கு முன்னால் நின்ற கண்டக்டர் அதை ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுச் சத்தமாக வாசித்தார். கடைசி வரி: ‘இந்த வரியைத் தடுமாறாமல் வாசிப்பவருக்கு இக்கண்ணாடி பொருந்தும்.’

என் முறை வந்தது. ஒன்றாம் எண்ணை மாட்டிவிட்டார். எறும்பு எறும்பாகவே நின்றது. இருந்தாலும் பத்துப் பேர் பார்க்க எழுத்துக் கூட்டித் திக்க வேண்டுமா? கண்டக்டர் வாசித்ததை மளமளவென்று ஒப்பித்துவிட்டேன், கடைசி வரி வரைக்கும்.

“அடேயப்பா! கழுகுக் கண்ணு பெரியவரே உங்களுக்கு. இருக்கறதுலயே சின்ன நம்பர், இது போதும்.”

கழுகு என்று சொல்லிவிட்டாரே. அதற்கு மேல் வாய் திறக்குமா? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5

கரி கரியாகவே இருக்கிறது.

மார்ச் 7

நெட்டையனின் மகள் வந்திருந்தாள். ஆலையில் அவன் எனக்குப் பக்கத்து மேடை. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இரும்புப் பெட்டி செய்தோம். ஐந்து லீவர் பூட்டு; சாவி தூக்கும் உள்தகடுதான் லீவர், ஆளுக்கு ஒன்று அராவினோம். பெட்டி அவன் வீட்டில் இருக்கிறது. மேஸ்திரி, பொடிக்காரர், பாட்டுக்காரன் மூவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. பாக்கி நாங்கள் இருவர்.

இப்போது பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது. வரும் சனிக்கிழமை அவனைத் தன் வீட்டோடு அழைத்துப் போகிறாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள திறக்கலைன்னா கட்டர் வச்சு அறுக்கறதுதான் மாமா. அப்பாதான் ‘பெட்டி மேல கை வைக்காதே, கழுகு வருவான்’னு ஒத்தக் கால்ல நிக்கிறார்.”

வருகிறேன் என்றேன். எந்தத் தைரியத்தில்?

மார்ச் 9

அந்தப் பூட்டுக்குச் சேரும் வெட்டாத சாவி என் தகர டப்பாவில் இரண்டே இரண்டு. நெட்டையன் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒன்றைக் கருக்கித் திருகி எடுத்தேன். ஒரு கீறலும் புலப்படவில்லை. நெட்டையன் கட்டிலில் படுத்தபடி என் கையையே பார்க்கிறான். அட்டைக்குச் செய்ததையே இதற்கும் செய்தேன் — ஞாபகத்திலிருந்து. எந்த லீவருக்கு எவ்வளவு ஆழம் என்று முப்பது வருஷம் கழித்தும் சொல்வேன். அராவினேன். விட்டுத் திருகினேன். அசையவில்லை.

“பாட்டுக்காரன் லீவர் ஒடைஞ்சு, நான் வேற போட்டேனேடா.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொல்லணுமா? கீறல் காட்டுமே. கண்ணு தெரியலையாடா உனக்கு?”

“வெளிச்சம் பத்தலை.”

பட்டப்பகல். ஜன்னலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு வெளிச்சம் பத்தலையாம்! யார்கிட்ட சொல்றேன்? நாப்பது வருஷமா தெரிஞ்சவன்கிட்ட. அராவினதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியுமா? ஒரு சாவி வீண். இருப்பது இன்னும் ஒன்று. அதையும் இப்படியே கெடுக்கப் போகிறேனா?

மாட்டேன்.

மார்ச் 10

கண்ணாடிக்காரரிடம் போய் நின்றேன்.

“அன்னைக்கு நான் வாசிக்கலை. எனக்கு முன்னாடி நின்னவர் வாசிச்சதைத் திருப்பிச் சொன்னேன்.”

“அத்தனை வரியுமா?” விழுந்து விழுந்து சிரித்தார். “அட்டையை நீட்டினா கண்ணைக் கசக்குவாங்க, கையைத் தள்ளிப் பிடிப்பாங்க. காதை வச்சு ஏமாத்தினவர் நீங்க ஒருத்தர்தான் பெரியவரே. சரி, இன்னொரு அட்டை தரேன்.”

“அட்டை வேணாம். இதைக் காட்டுற கண்ணாடி வேணும்.”

எங்கள் பீரோ பூட்டில் விட்டுத் திருகிய கரிச்சாவியைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். ஒன்றரையில் வெறும் கரி. இரண்டில் கரிக்குள் ஏதோ இருப்பது போல. இரண்டரையில் — மூன்று கீறல், பளபளவென்று, குழந்தை நகம் பட்ட மாதிரி. மூன்றைப் போட்டால் சாவியை மூக்கில் ஒட்ட வேண்டியிருந்தது. இரண்டரைதான் எனக்கு.

“இதுல ஒரு கை லொடலொடன்னு ஆடும், பரவாயில்லையா?”

“பூட்டுக்காரன்கிட்டயா திருகாணியைப் பத்திப் பேசறீங்க?”

அதைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தால் தெரு மிதக்கிறது. கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சாவி இருக்கும் தூரத்துக்கு மட்டும்தான் அது.

மார்ச் 12

வெள்ளிக்கிழமை. கட்டர்காரர் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். உள்ளே போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன்: “வெளிச்சம் பத்தலைன்னது பொய்டா. கண்ணுதான் தெரியலை.” கண்ணாடியை மாட்டினேன்.

“கழுகுக்கு மூக்குக் கண்ணாடியா!” என்றான் நெட்டையன்.

“நீ உன் பல்லைக் கழட்டிக் கிண்ணத்துல வைக்கலையா?”

ஞாபகத்தை ஓரம் கட்டினேன். கருக்கினேன், திருகினேன், பார்த்தேன். கீறல் காட்டிய இடத்தில் இரண்டே இழுப்பு. மறுபடி கருக்கினேன். இப்படிப் பத்தொன்பது தடவை. பாட்டுக்காரன் லீவர் இருந்த இடத்தில் கீறல் என் ஞாபகத்துக்கு நேர் எதிராக விழுந்தது. கண் சொன்னதைக் கேட்டேன். இருபதாவது தடவை சாவி ‘கடக்’கென்று புரண்டது. கட்டர்காரர்கூட வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மூடியைத் தூக்கினால் மேலாக இருப்பது என்ன? அந்தப் பெட்டியின் மாற்றுச் சாவி!

“இதைத்தானே ஒரு மாசமா வீடு பூரா தேடினேன்!” என்றான். இரண்டு பேரும் இருமல் வரும்வரை சிரித்தோம்.

அடியில் ஒரு போட்டோ. ஆலை வாசலில் நாங்கள் ஐந்து பேர். பொடிக்காரர் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருப்பதுகூடக் கண்ணாடியில் தெரிந்தது.

“நீயே வச்சுக்கோடா. பின்னாடி எல்லார் பேரையும் எழுதிடு. நம்மள்ல எழுதத் தெரிஞ்சவன் நீதான்.”

“எழுதலாம், என்ன அவசரம்? நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாத முகமா?”

மார்ச் 21

மருந்துக்கடை அலமாரிச் சாவி முதல் தடவையிலேயே சேர்ந்தது. திரும்பும் வழியில் கண்ணாடிக்காரரிடம் அந்தப் பழைய அட்டையைக் கேட்டு வாங்கி, கடைசி வரியை நிஜமாகவே வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான். ‘தடுமாறாமல்’ என்ற இடத்தில்தான் ரொம்பத் தடுமாறினேன். முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஏப்ரல் 30

கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டேன். கம்பி வைத்துக் கட்டியாயிற்று. உபரியாக இன்னொன்றும் வாங்கி வைத்தேன், அதே இரண்டரை.

ஜூன் 6

காலையில் நெட்டையனின் மகள் போன் செய்தாள். “தூக்கத்துலயே போயிட்டாரு மாமா” என்றாள். பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாளாம். எண்ணெய் எப்போது விட வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன்.

தெரியாத முகமா என்று கேட்டேனே.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். போட்டோவைத் திருப்பிப் போட்டு, இடமிருந்து எழுதினேன். இவ்வளவு சின்ன எழுத்து நான் எழுதியதே இல்லை. ஒன்றும் பிசகவில்லை.

மேஸ்திரி. பொடிக்காரர். பாட்டுக்காரன். நெட்டையன். கடைசியாக, உயிரோடு இருப்பவன் — கழுகு.