மனமுவந்து போட்ட வரி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், குழந்தைக்குச் சளி விட்டுவிட்டதா? போனிலேயே எல்லாம் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ மீட்டிங்கில இருக்கேம்மா என்பாய். கடிதம் என்றால் மீட்டிங்கிலேயே வைத்துப் படிக்கலாம், பக்கத்தில் இருப்பவர்கள் அலுவலகக் காகிதம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவகையில் அதுவும் சரிதான், நகரமன்றத் தலைவராக நான் உன் துறைக்கு எழுத வேண்டியதைத்தான் அம்மாவாக உனக்கு எழுதுகிறேன்.

அங்கே தலைநகரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் இங்கே எங்களுக்கு ஒரு மாதம் தூக்கம் போகிறது. சில மாதங்களுக்கு முன்னால் ஒன்று வந்தது, ஊர்க் குப்பையைத் தினமும் எடை போட்டு மேலே சொல்ல வேண்டுமாம். தராசு வாங்கப் பணம் உண்டா என்றால் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரரிடம் போய் இரவல் கேட்டோம், கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்க என்று கேட்டார் அந்த மனிதர், எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது சொல். அது முடிவதற்குள் தெருவிளக்கை எல்லாம் மாற்று என்று ஒன்று, அதற்கும் நீயே செலவு செய்து கொள். எங்களுக்கு வர வேண்டிய பங்கை நீங்கள் பிடித்து வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு விருந்துக்கு எங்களையே சமைக்கச் சொல்கிறீர்கள். கடைசியில் வந்ததுதான் வீட்டு வரி. கூரை போட்டதெல்லாம் கட்டடம், எல்லாவற்றையும் புதிதாக அள, வரியை ஏற்று, ஏற்றாவிட்டால் மானியம் கிடையாது, மன்றத்தையே கலைத்தாலும் கலைப்போம்.

உன் அத்தை துணி காயப்போட மாடியில் தகரம் போட்டிருக்கிறாளே, அதையும் நாடா பிடித்து அளந்துவிட்டு வந்தார் எங்கள் வரி அலுவலர். மறுநாள் காலையிலேயே அத்தை வந்தாள், அண்ணி, என் ஈரத்துணிக்கும் சேத்து உங்களுக்கு வரி கட்டணுமா என்றாள். எனக்கில்லைம்மா, மேலே இருந்து உத்தரவு என்றேன். மேலேன்னா என் மாடியா என்று கேட்டுவிட்டுப் போனவள்தான், இன்றைக்குவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அப்பாவின் பாடு இன்னும் மோசம். சவரம் செய்துகொள்ளப் போன இடத்தில், கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, ஏன் சார் உங்க வீட்டம்மா இப்படி வரி போடறாங்க என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். அப்பா மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, இனிமேல் நான் தாடி வளர்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். வளர்த்துக்கொண்டும் இருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை.

சரி, வரியை ஏற்றச் சொல்கிறீர்கள், ஏற்றித் தொலைக்கிறோம். எனக்குப் பொறுக்காதது அது இல்லை. அந்த உத்தரவோடு ஒரு மாதிரித் தீர்மானம் வைத்திருந்தீர்களே, ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மற்றதெல்லாம் நீங்களே எழுதி, ‘இந்நகரமன்றம் பொதுமக்கள் நலன் கருதி மனமுவந்து இவ்வரி உயர்வை ஏற்கிறது’ என்று, அதைத்தான் சொல்கிறேன். கழுத்தில் கையை வைத்து நெரித்துக்கொண்டு, எங்கே கொஞ்சம் சிரி பார்க்கலாம் என்பதுபோல. நாளைக்கு யாராவது கேட்டால், நாங்களா ஏற்றினோம், உங்கள் ஊர்த் தலைவரம்மாதான் மனமுவந்து ஏற்றினார் என்று காகிதத்தைக் காட்டிவிடலாம், நீங்கள் கை கழுவிவிடலாம்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் எப்படி நடந்தது என்று தெரியாது. எங்கள் ஆணையர் அன்றைக்குக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாய் நிறையப் பஞ்சோடு வந்திருந்தார். அப்படியே தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மா அடித்தார், அவர் காதில் விழுந்ததை அடித்தார். நான் கூட்டத்தில் எழுந்து நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறேன், இந்நகரமன்றம் பொதுமக்கள் நலன் கருதி மனம் வெந்து இவ்வரி உயர்வை ஏற்கிறது. வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே உறைத்தது. நம் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் உண்டே, எதற்கெடுத்தாலும் எழுந்து போவதால் ஊரே வெளிநடப்பு என்று கூப்பிடுமே, அவர்தான் முதலில் மேஜையைத் தட்டினார். தலைவரம்மா, ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க, இதுக்கு நானும் கை தூக்கறேன் என்றார். அவர் கூட்டம் முடியும்வரை நாற்காலியில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார், வேலை போய்விடுமோ என்று. நீங்க தப்பா அடிக்கலை, இந்தக் கட்டடத்துல உண்மையை அடிச்சது நீங்க ஒருத்தர்தான் என்று சொல்லி அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது.

அது சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது, பிழையைத் திருத்தி அனுப்பும்வரை மானியம் நிறுத்தம் என்ற குறிப்போடு. அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். குழந்தையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஒரு வார்த்தைதானேம்மா, மாத்தி அனுப்பிடு, இங்க எல்லாரும் சிரிக்கறாங்க என்றாய். ஏண்டா இவ்வளவு பதறுகிறாய் என்று கேட்டதற்கு, அந்த வாசகம் நான் எழுதினதும்மா என்றாய். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ வைத்துவிட்டாய். லைன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மாற்றக் கூடாது என்றுதான் இருந்தேன். பதவி போனால் போகட்டும், அத்தையாவது பேசுவாள். ஆனால் மானியம் நின்றதும் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளம் நின்றது. ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்குப் போகிறேன், நடையில் வரிசையாக நிற்கிறார்கள், சத்தம் போட வரவில்லை, கையில் விளக்குமாறோடு சும்மா நின்றார்கள். அதில் மூத்த அம்மா ஒருத்தி சொன்னாள், தலைவரம்மா, நீங்க எழுதுன வார்த்தை எங்களுக்கும் புடிச்சிருந்துச்சு, ஆனா மளிகைக் கடைக்காரர் அதைப் பாத்துச் சாமான் குடுக்க மாட்டேங்கறாரே. உள்ளே போய்த் திருத்தி அடிக்கச் சொன்னேன். டைப்பிஸ்ட் அம்மா என் முகத்தைப் பார்த்து, மறுபடி தப்பா அடிக்கட்டுமாம்மா என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த முறை ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து குழாயடியில் கை கழுவினேன், சோப்புப் போட்டுக் கழுவியும் அருவருப்பு போகவில்லை. மறுநாள் சம்பளம் வந்துவிட்டது. வெளிநடப்பு பழையபடி வெளிநடப்புச் செய்துவிட்டார், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நீ சின்ன வேலையில் இருக்கிறாய், சொன்னதை எழுதுகிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அடுத்த தடவை எழுதும்போது ‘அரசின் உத்தரவுப்படி’ என்று போட்டுவிடு, ஒன்றும் குறைந்துவிடாது. ஏச்சை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், யார் போட்ட வரி என்று மட்டும் ஊருக்குத் தெரியட்டும். மற்றபடி வேளைக்குச் சாப்பிடு, கண்ணைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, மருமகள் வேலைக்குப் போய்விட்டு வருபவள், அவளை அதட்டாதே. குழந்தையின் சளிக்கு ஆவி பிடிக்கும்போது பக்கத்திலேயே இரு. அத்தைக்கு ஒரு போன் செய், நான் செய்தால் எடுக்க மாட்டாள், நீ செய்தால் எடுப்பாள், அந்தத் தகரத்தைப் பற்றி அவள் கேட்டால் நீயே பதில் சொல்.

நீ விடுதியில் படித்த நாளிலிருந்து எல்லாக் கடிதத்திலும் ‘மனமுவந்து வாழ்த்தும் அம்மா’ என்றுதான் முடிப்பேன், ஞாபகம் இருக்கிறதா? நீ அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தாய் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு நான் கொடுத்ததைத்தான் நீ எனக்கே உத்தரவாக அனுப்பியிருக்கிறாய், நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி அது உங்கள் அலுவலகத்திலேயே இருக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளை உன்னைவிட நன்றாக இருக்க வேண்டும், அதில் ஒரு மாற்றமும் இல்லை.

மனம் வெந்து வாழ்த்தும்,
அம்மா