பின்சக்கரம் ஏறிய திருப்பம்

மார்ச் 3, செவ்வாய்

ஏப்ரல் ஆறாம் தேதி முதல் கிடங்கு புது இடத்தில் இயங்கும். நெடுஞ்சாலையை ஒட்டி, இங்கிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர். காலை ஷிப்ட் ஐந்தே முக்காலுக்கு. அந்தப் பக்கம் போகும் முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான்.

சூப்பர்வைசர் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, ஃபோர்க்லிஃப்ட்ல உங்கள மிஞ்ச இங்க ஆளில்ல. ஆனா நேரத்துக்கு வர முடியலன்னா அந்த சீட்டுக்கு நான் வேற ஆளப் பாக்கணும். ஆறாம் தேதி வரைக்கும் டைம்."

பதினான்கு வருடமாக நான் உட்காரும் சீட். வேறு ஆளா? பார்க்கலாம்.

வண்டி இருக்கிறது. வாசலில் உறை போட்டு எட்டு மாதமாக நிற்கிறது. என் வீட்டுக்காரர், இவர், இருபத்திரண்டு வருடம் டாக்ஸி ஓட்டிய மனிதர். கண் நரம்பில் கோளாறு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து வண்டிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். நான் டிரைவிங் கற்றுக்கொள்வது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பதினெட்டு வகுப்பு முடிந்தது. தேர்வு பன்னிரண்டாம் தேதி. இரண்டு டன் சரக்கை ஆறு மீட்டர் உயரத்தில் தூக்கி வைக்கிறவளுக்கு ஒரு கார் எம்மாத்திரம்.

மார்ச் 10, செவ்வாய்

தேர்வில் என்னென்ன நடக்கும் என்று டிரைவிங் டீச்சர் இன்று வரிசையாகச் சொன்னாள். என் வயதுதான், ஆனால் பேச்சில் கண்டிப்பு அதிகம். முதலில் தூரத்தில் நிற்கும் ஒரு வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வார்களாம். அப்புறம் டயரில் காற்று, பிரேக் விளக்கு, இதையெல்லாம் எப்படிச் சோதிப்பாய் என்று ஒன்றிரண்டு கேள்வி. பிறகு நாற்பது நிமிடம் ரோடு. ஒரு முறை பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். திடீரென்று பிரேக் போடச் சொன்னாலும் சொல்வார்கள். கொஞ்ச நேரம் அதிகாரி வாயே திறக்க மாட்டார், பலகைகளைப் பார்த்து நாமே வழி கண்டுபிடித்துப் போக வேண்டும்.

"சின்னத் தப்பு பத்துப் பதினைஞ்சு வரைக்கும் பொறுத்துக்குவாங்க. ஆபத்தான தப்பு ஒண்ணே ஒண்ணு போதும், அதோட சரி."

"வழி மாறிப் போயிட்டா?"

"அது தப்பே இல்ல. வழி மாறிட்டோம்னு பதறி ஸ்டியரிங்க ஒடிக்கிறோம் பாருங்க, அதுதான் தப்பு."

பதறுவதா. நானா.

மார்ச் 12, வியாழன்

ஃபெயில்.

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அதிகாரி கண்ணாடி போட்ட பெண்மணி, மடியில் அட்டை, கையில் பேனா. நம்பர் படித்தேன். டயர் கேள்விக்குப் பதில் சொன்னேன். பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னார். கிடங்கில் பாதி நேரம் நான் பின்பக்கமாகத்தானே ஓட்டுகிறேன், சரக்கு முன்னால் மறைக்குமே. ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார்.

அடுத்து வந்த மூன்று மூலைகளிலும் ஹாரன் அடித்திருக்கிறேன். "யாருக்கு அடிச்சீங்க?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல மேடம். கிடங்குல மூலைன்னா அடிப்போம்." பேனா ஏதோ எழுதியது. சரி, சின்னத் தப்பு.

மருந்துக்கடை மூலையில் இடது பக்கம் திரும்பினேன். பின்சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறி இறங்கியது. அங்கே போன் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு ஆள் துள்ளி விலகினார். அவ்வளவுதான்.

ஏன் ஏறுச்சு? சரியாத்தானே திருப்பினேன். மூலைய ஒட்டி, எப்பவும் திருப்புற மாதிரியேதானே... அந்த ஆள் மேல பட்டிருந்தா? அடுத்த தேதி ஏப்ரல் இருபத்தொண்ணாம். அப்ப என் சீட்ல யாரு உக்காந்திருப்பாங்களோ. எனக்கே என் மேல ஆத்திரமா வருது.

மார்ச் 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் நான்காம் வரிசை அடுக்கு முனையில் ஃபோர்க்லிஃப்டைத் திருப்பும்போது பாதியில் நிறுத்திவிட்டு, கழுத்தை நீட்டிப் பின்னால் பார்த்தேன். இந்த இயந்திரத்தில் ஸ்டியரிங் திருப்புவது பின்சக்கரத்தை. அதனால் வால் வெளிப்பக்கமாக வீசும். வால் எதிர் அடுக்கில் இடிக்காமல் இருக்க, மூலையை உள்பக்கமாக உரசுகிற மாதிரி ஒட்டித்தான் திரும்ப வேண்டும். காரில் திரும்புவது முன்சக்கரம். வால் வெளியே போகாது, உள்ளே வரும். ஒட்டித் திரும்பினால் பிளாட்பாரத்தில் ஏறாமல் என்ன செய்யும்?

பதினான்கு வருடப் பழக்கம். என் கை சரியாகத்தான் திருப்பியிருக்கிறது, வேறு வண்டிக்கு. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

வீட்டில் இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். போகவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார்.

"மூலை வந்ததும் திருப்பாத. அது உன் தோளத் தாண்டட்டும். அப்புறம் திருப்பு."

எட்டு மாதத்தில் வண்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம். மேலே ஏதாவது கேட்டால் கெட்டுவிடும் என்று நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

மார்ச் 14, சனி

காலை ஆறு மணிக்குத் தேர்வு அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். யாராவது தேதியை ரத்து செய்தால் அந்த இடம் காலியாகக் காட்டுமாம். இன்று இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

இல்லை.

மார்ச் 21, சனி

காலியிடம் இல்லை. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா. டீச்சரோடு இன்று இடது திருப்பம் மட்டும் நாற்பது முறை. மூலை, தோள், திருப்பு. மூலை, தோள், திருப்பு. இருபதுக்கு மேல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குத் தலை சுத்துது, நீங்களே ஓட்டிக்கிட்டு இருங்க" என்றாள். ஒரு முறைகூட ஏறவில்லை.

தேதி மட்டும் கிடைக்கட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

கிடைத்தது. ஏப்ரல் ஒன்று, காலை எட்டு பத்து. யாரோ பின்வாங்கிய இடம். அவர் நன்றாக இருக்கட்டும். படிவத்தை நிரப்பும்போது என் பிறந்த வருடத்தையே தப்பாக அடித்தேன். அது பதற்றம் இல்லை, அவசரம்.

ஏப்ரல் 1, புதன்

பாஸ். பாஸ். பாஸ்.

அதே அதிகாரி. என்னை ஞாபகம் இருந்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஹாரன் பக்கம் கை இரண்டு முறை போனது, இரண்டு முறையும் இழுத்துக்கொண்டேன். அதே மருந்துக்கடை மூலை வந்தது. அது தோளைத் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பின்சக்கரம் ரோட்டிலேயே வந்தது.

பலகை பார்த்துப் போகும் பகுதியில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டேன். "மேடம், வழி மாறிட்டேன்" என்றேன். "தெரியும். ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன், அடுத்த ரவுண்டானாவில் திரும்பி வந்தேன்.

மொத்தம் நான்கு சின்னத் தப்பு. அதில் ஒன்று, தேவையில்லாமல் உடம்பையே திருப்பிப் பின்னால் பார்க்கிறேனாம். "கண்ணாடின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, அதையும் கொஞ்சம் நம்புங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சூப்பர்வைசருக்கு உடனே போன் செய்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் காகிதத்தை நீட்டினேன். முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "ம்" என்றார். மடித்துக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஒரு 'ம்'. அவ்வளவுதானா? வருத்தமாகத்தான் இருக்கிறது. அவர் இடத்தில் உட்காரப் போகிறவள் நான் என்பதும் புரியாமல் இல்லை.

ஏப்ரல் 4, சனி

உறையைக் கழற்றினேன். பேட்டரி செத்துக் கிடந்தது. மெக்கானிக் வந்து புதிது மாட்டினார். வண்டி முதல் தடவையிலேயே உறுமிக் கிளம்பியது. தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். இவர் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. வழியில் எங்கும் தடங்கல் இல்லை. ஐந்து முப்பத்தைந்துக்குக் கேட்டுக்குள் நுழைந்து, ஊழியர் வண்டிகள் நிற்கும் இடத்தில் பின்னால் எடுத்து நிறுத்தினேன். ஐந்தே முக்காலுக்கு என் சீட்டில் நான்.

ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட் காவலாளி கை காட்டி நிறுத்தினார்.

"அக்கா, இந்த சாம்பல் கலர் வண்டி உங்களதுதான? காலையில ஆறு மணிக்கு ஒருத்தர் இங்க போன் பண்ணாரு. அந்த வண்டி வந்துச்சான்னு கேட்டாரு. வந்துச்சுன்னேன். நேரா நிக்குதா, கோட்டு மேல ஏறி நிக்குதா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னாரு. போய்ப் பாத்துட்டு வந்து, ரெண்டு கோட்டுக்கும் நட்டநடுவுல நிக்குதுங்கன்னேன். சந்தோஷம்னு சொல்லிட்டு வெச்சிட்டாரு."

வீட்டுக்கு வந்தேன். "எப்படிப் போச்சு?" என்றார் இவர், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"வண்டிய நேரா நிறுத்தினேங்க" என்றேன், நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி.