ரத்தம் நிற்கும் நேரம்

3 மார்ச் 2025, திங்கள், கிள்ளான்

சட்டைப் பொத்தான் போடும்போதே என் வீட்டுக்காரர் மாரிஸுக்கு மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். காலமெல்லாம் லோரி ஓட்டிய மனிதர். "வெயில், செசி," என்கிறார் என்னிடம். ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கிறது!

போன வருஷம் காலில் உறைந்து கட்டியான ரத்தம் நுரையீரலுக்கு ஏறியது. மருந்தில் கரைந்துவிடும் என்றுதான் நினைத்தோம்.

7 மார்ச், வெள்ளி

கோலாலம்பூரில் அறுவை டாக்டர் விஷ்ணுப்ரியாவைப் பார்த்தோம். கரையாத கட்டிகள் ரத்தக் குழாயின் சுவரோடு ஒட்டி இறுகிவிட்டனவாம். நெஞ்சைத் திறந்து, உடம்பைக் குளிரவைத்து, இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் கொஞ்ச நேரம் நிறுத்தினால்தான் உரித்தெடுக்க முடியுமாம்.

"அந்த நேரத்துல நான் உயிரோட இருப்பேனா டாக்டர்?"

"இருப்பீங்க அங்கிள். ஆனா ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"செஞ்சிடலாம்," என்றார் மாரிஸ். என் பக்கம் திரும்பவே இல்லை.

8 மார்ச்

நான் அவரோடு பேசவில்லை.

11 மார்ச், செவ்வாய்

இன்று கத்திவிட்டேன். "இப்படியே இருந்தா என்ன? நீங்க உக்காந்துட்டே இருங்க, நான் பாத்துக்கிறேன்லா!"

நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பாத்துப்ப. நான் தூங்குறப்ப மூக்குகிட்ட கை வச்சுப் பாக்குறியே... எனக்குத் தெரியும் செசி. எத்தனை நாளைக்கு?"

அவருக்குத் தெரியாது என்றிருந்தேன்.

பயம் எனக்குத்தான். அவர் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அதையும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

22 ஏப்ரல், செவ்வாய்

காலையில் அவரை அறுவைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மாலைவரை ஒரு சேதியும் இல்லை. மகள் ஜோஆன் வாங்கி வந்த மீ கோரெங் ஆறிக் கிடந்தது.

டாக்டர் வெளியே வந்தார். "இதயம் தானா அடிக்குது ஆன்டி."

போனில் படம் காட்டினார். உரித்தெடுத்த கட்டிகள், மரக்கிளை மாதிரி, வெளிறிய மஞ்சளில். இத்தனையையும் நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டுதானா வெயில்னு சொன்னாரு, பாவி மனுஷன்?

25 ஏப்ரல்

நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இன்னும் மெஷின்தான் மூச்சு விடுகிறது. அவர் பாதம் சூடாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே நின்றேன். ஆண்டவரே — அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

28 ஏப்ரல்

குழாயை எடுத்துவிட்டார்கள். கரகரத்த குரலில் முதல் வார்த்தை: "சாப்டியா?"

இல்லை என்றேன். முறைத்தார்.

14 ஜூன், சனி

காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் ஆளில்லை. பதறிப்போய் போன் அடித்தேன்.

"பக்கத்துத் தெரு ரோனி வீட்டுக்கு வந்தேன்லா. மீன் தரேன்னான். அவன் மச்சான் புதுக் காடி எடுத்திருக்கான், அந்தக் கார் கலரைப் பாக்கணுமே நீ..."

பின்னால் மோட்டார் சத்தம், நாய் குரைப்பு.

"நடந்துக்கிட்டேவா பேசுறீங்க?"

"பின்ன, பறந்துக்கிட்டா?"

சொல்லாமல் போனதற்குத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவர் மூச்சு வாங்காமல், விட்ட இடத்திலிருந்து காடிக் கதையைத் தொடர்ந்தார். வாசல் கேட் திறக்கும்வரை போனைக் காதில் வைத்து அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன்.